விண்கல மாதிரிக்குள் விளக்கமைத்து வண்ணம் பூசுதல்: முழுமையான வழிகாட்டி

விண்கல மாதிரிக்குள் விளக்கு எரிய வைப்பது பலர் அஞ்சும் அளவுக்குக் கடினமான வேலையல்ல. ஓர் எல்.இ.டி., ஒரு மின்தடை, இரண்டு கம்பிகள், 5 வோல்ட் மின்சாரம் ஆகியவை கைவசம் இருந்தால் விளக்கு எரிந்துவிடும். அந்த ஒளி சன்னல்கள் வழியாக மட்டும் வெளியே வரவேண்டும், கலத்தின் உடல் வழியாகவும் ஒட்டிய கோடுகள் வழியாகவும் வரக்கூடாது என்பதில்தான் உழைப்பெல்லாம் அடங்கியிருக்கிறது. மாதிரிப் பெட்டிகளில் வரும் பாலிஸ்டைரீன் நெகிழி மிக மெல்லியது. வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறத்தில் வார்க்கப்பட்டிருந்தால் உள்ளே எரியும் சிறு விளக்கும் முழுக் கலத்தையும் தங்லோங் விழாவின் காகித விளக்கைப் போல ஒளிரச் செய்துவிடும். ஆகவே விளக்குள்ள மாதிரியில் வண்ணம் பூசுவது கடைசி வேலையாக இராமல், முதல் கம்பியைச் சோல்டர் செய்வதற்கு (ஈயத்தை உருக்கி இணைப்பதற்கு) முன்பே, கலத்தின் உட்புறத்தில் தொடங்குகிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய நினைப்பவர்களை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. சோல்டரிங் இரும்பு, ஈயக் கம்பி, உப்புத்தாள், அலுமினிய ஒட்டுநாடா, பல்திறன் மீட்டர் ஆகியவை பட்டணத்து இரும்புக்கடையிலும் மின்பொருள் கடையிலும் கிடைத்துவிடும். மாதிரிக்கான வண்ணமும் மெல்லிய பசையும் வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போகவேண்டும், அல்லது ஷாப்பியிலோ லசாடாவிலோ வரவழைக்க வேண்டும். மின்னணுச் சில்லறைப் பொருள்களை நேரில் பார்த்து வாங்க விரும்புவோருக்குக் கோலாலம்பூரின் ஜாலான் பாசார் பழைய புகலிடம். பல்திறன் மீட்டரைப் பிடிக்கத் தெரியாதவர்கள் தோட்டத்து வயர்மேன் அண்ணனிடம் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். வீட்டு மின்சாரம் தெரிந்தவருக்கு 5 வோல்ட் வேலை விளையாட்டு.

அளவைக் கணக்கிட்டு வழியைத் தேர்தல்

முதலில் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள அளவு விகிதத்தைப் பாருங்கள். உண்மையில் 1 மீட்டர் அகலமுள்ள ஒரு சன்னல் 1:144 அளவில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டராகவும், 1:350 அளவில் 2.9 மில்லிமீட்டராகவும், 1:1000 அளவில் 1 மில்லிமீட்டராகவும் சுருங்கும். சன்னல் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அதைத் துளையிட்டுத் திறந்து, உள்ளே பொதுவாக ஒளியை நிரப்பி, துளையை ஒளிபுகும் பொருளால் மூடலாம். அதைவிடச் சிறியது என்றால் ஒவ்வொரு சன்னலுக்கும் ஓர் ஒளியிழையை, அதாவது ஒளியைக் கடத்தும் மெல்லிய நெகிழி இழையை, கொண்டுவருவதே சிறந்தது. 0.25, 0.5, 0.75, 1 மில்லிமீட்டர் விட்டங்களில் அக்ரிலிக் ஒளியிழைகள் விற்கப்படுகின்றன. ஒரே மாதிரியில் இரு வழிகளையும் கலந்து கையாள்வது வழக்கம்: பெரிய தளங்களுக்குப் பொது ஒளி, விளிம்பில் வரிசையாக இருக்கும் பொட்டுச் சன்னல்களுக்கு ஒளியிழை.

அடுத்து, எந்தெந்த விளக்குகள் வேண்டும் என்று ஒரு தாளில் கலத்தின் மேல்தோற்றத்தையும் பக்கத்தோற்றத்தையும் வரைந்து குறியுங்கள். சன்னல்கள், இடவல விளக்குகள், மின்னும் விளக்கு, இயந்திரத்தின் பின்வாய், முன்புறத் தட்டு என்று ஒவ்வொன்றும் தனித்தனி. இடவல விளக்குகளில் கப்பலும் வானூர்தியும் ஒரே மரபைப் பின்பற்றுகின்றன; கலத்தின் உள்ளே முன்னோக்கி அமர்ந்திருப்பவருக்கு இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை. கற்பனைக் கலங்களும் பெரும்பாலும் இந்த மரபையே ஏற்றிருக்கின்றன. நாம் முன்னால் நின்று பார்க்கும்போது பக்கங்கள் மாறித் தெரியும் என்பதால் வரைபடத்திலேயே நிறத்தை எழுதிவிடுவது நல்லது.

மின்சாரம்

மாதிரிக்குள் 9 வோல்ட் பேட்டரியை அடைத்து வைக்கும் பழைய முறையை நான் பரிந்துரைப்பதில்லை. அது சீக்கிரம் தீரும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் மறந்து விடப்பட்ட பேட்டரி கசிந்து உள்கம்பிகளை அரிக்கும். தாங்கியின் வழியாக வெளியிலிருந்து 5 வோல்ட் கொண்டுவருவதே எளிது. பழைய கைப்பேசியின் யூ.எஸ்.பி. மின்னேற்றியே போதும், ஆனால் அதில் மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சுவரின் 240 வோல்ட் மின்சாரம் அந்த மூன்று முள் மின்னேற்றியோடு நின்றுவிட வேண்டும். மாதிரியின் அருகில்கூட வரக்கூடாது. பவர்பேங்க் வைக்கலாமே என்று தோன்றும். பல பவர்பேங்குகள் இழுக்கப்படும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணித் தாமாகவே அணைந்துவிடும். சில எல்.இ.டி.களே உள்ள மாதிரி அரை நிமிடத்தில் இருண்டுபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி மின்தடை வைத்து, எல்லாவற்றையும் இணையாக இணைப்பதே தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற முறை. ஒன்று பழுதானாலும் மற்றவை எரியும். மின்தடையைக் கணக்கிடும் விதி ஒன்றுதான்: மின்வழங்கியின் வோல்ட்டிலிருந்து எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் வோல்ட்டைக் கழித்து, மீதியை விரும்பும் மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். வெள்ளை, நீலம், பச்சை எல்.இ.டி.கள் சுமார் 3 வோல்ட் எடுக்கும். சிவப்பும் மஞ்சளும் சுமார் 2 வோல்ட். 5 வோல்ட்டில் ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு 10 மில்லியாம்பியர் தர வேண்டுமானால் மீதமுள்ள 2 வோல்ட்டை 0.010 ஆல் வகுத்து 200 ஓம் என்று வரும். கடையில் கிடைக்கும் அடுத்த மதிப்பு 220 ஓம். சிவப்புக்கு 300 ஓம் வரும். 330 ஓம் வாங்குங்கள். கால் வாட் மின்தடை தாராளமாகத் தாங்கும்.

ஆனால் 10 மில்லியாம்பியர் பெரும்பாலும் மிகையே. சாதாரண எல்.இ.டி.கள் 20 மில்லியாம்பியர் வரை தாங்கும் என்று பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து அவ்வளவும் கொடுத்தால், கலம் தீபாவளிச் சந்தைக் கடைபோலக் கண்ணைக் கூசும். மேசைமேல் வைத்துப் பார்க்கும் மாதிரிக்கு 2 முதல் 5 மில்லியாம்பியர் அழகாக இருக்கும்; அதாவது வெள்ளைக்கு 470 ஓமிலிருந்து 1 கிலோ ஓம் வரை. பச்சை எல்.இ.டி.கள் மட்டும் கண்ணுக்கு மற்றவற்றைவிடப் பிரகாசமாகத் தெரியும். அவற்றுக்கு 4.7 கிலோ ஓம்கூடப் போட வேண்டியிருக்கும். கணக்கில் வரும் மதிப்பைத் தொடக்கமாக மட்டும் கொண்டு, சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் எரியவைத்துக் கண்ணால் சமப்படுத்துங்கள்.

வெள்ளையிலும் வகை உண்டு. 3000 கெல்வின் வெள்ளை மஞ்சள் கலந்த வீட்டு வெளிச்சம்; 6500 கெல்வின் வெள்ளை நீலம் கலந்த அலுவலக வெளிச்சம். மனிதர் வாழும் அறைச் சன்னல்களுக்கு முன்னதும், இயந்திரத்துக்கும் கலத்தின் பெயரை வெளியிலிருந்து ஒளியூட்டும் விளக்குகளுக்குப் பின்னதும் பொருந்தும். ஒரே வகையால் முழுக் கலத்தையும் நிரப்புவது தட்டையாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

துளையும் சன்னலும்

உதிரிகளைச் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்; அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் பிடிக்காது. பிறகு சன்னல்கள். கைத்துளைப்பானில் 0.5 மில்லிமீட்டர் முனையைப் பொருத்தி, துளையிட வேண்டிய இடத்தில் ஊசியால் சிறு பள்ளம் ஏற்படுத்தி, விரல்களால் மெதுவாகச் சுழற்றுங்கள். மின் துளைப்பானின் வேகத்தில் பாலிஸ்டைரீன் உருகி முனையைச் சுற்றிக்கொள்ளும். நீள்சதுரச் சன்னல் வேண்டுமென்றால் இரண்டு மூன்று துளைகளை வரிசையாகப் போட்டு, மெல்லிய அரத்தால் இணைக்க வேண்டும். வரிசை கோணலானால் எரியும்போது அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் என்பதால், மாஸ்கிங் டேப்பை நேர்கோடாக ஒட்டி அதன் விளிம்பைப் பிடித்துத் துளையிடுங்கள். எல்லாச் சன்னல்களையும் திறக்க வேண்டியதில்லை. சிலவற்றை மூடியே விட்டுக் கறுப்பு வண்ணம் இட்டால், உள்ளே சிலர் உறங்குகிறார்கள் என்று பார்ப்பவர் தாமாகவே நினைத்துக்கொள்வார்.

இருட்டை அமைத்தல்

துளைகள் முடிந்ததும், இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன், உட்புறம் முழுவதும் கறுப்பு லாக்கர் வண்ணத்தை (தின்னரில் கரைந்து வேகமாக உலரும் வகை) இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். அது காய்ந்தபின் அதன்மேல் வெள்ளையை இரண்டு பூச்சு. கறுப்பு ஒளியை நெகிழிக்குள் புகவிடாமல் தடுக்கும்; வெள்ளை அதே ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடித்துச் சன்னல்களுக்குச் சமமாக அனுப்பும். பலர் வெள்ளைக்குப் பதிலாக வெள்ளி வண்ணம் பூசுவதுண்டு. ஆனால் அது விளக்கின் உருவத்தையே சன்னலில் பொட்டாகக் காட்டுவதால் பெரிய சன்னல்களுக்கு வெள்ளையே மேல். கறுப்பைத் தவிர்த்துவிட்டு வெறும் வெள்ளையை எத்தனை பூச்சு பூசினாலும் பயனில்லை. ஒட்டும் விளிம்புகளில் வண்ணம் படியாமல் முன்கூட்டியே டேப் ஒட்டுங்கள், ஏனெனில் பாலிஸ்டைரீன் பசை நெகிழியை உருக்கி இணைப்பது. வண்ணத்தின் மேல் அது பிடிக்காது.

வண்ணம் காய்ந்ததும் இரவில் அறை விளக்கை அணைத்து, கைவிளக்கின் முகப்பை உதிரியின் உட்புறத்தோடு அழுத்தி மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நன்றாகப் பூசப்பட்ட இடம் முற்றிலும் இருண்டிருக்கும். மூலைகளிலும், வார்ப்பில் உயரும் முனைகளின் அடியிலும், துளைகளின் விளிம்பிலும் செம்பழுப்பு நிறத்தில் ஒரு மங்கல் தெரியும். அங்கெல்லாம் கறுப்பு போதவில்லை என்று பொருள். தூரிகையால் கறுப்பைத் தொட்டு வைத்து, காய்ந்தபின் மீண்டும் பாருங்கள். விளக்குக்கு மிக அருகிலுள்ள இடங்களில் அலுமினிய ஒட்டுநாடாவை ஒட்டிவிடலாம். அதன்மேல் கம்பி இணைப்பு எதுவும் படக்கூடாது, அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும்.

ஓர் அறையின் ஒளி அடுத்த அறைக்குப் போகாமலிருக்கத் தடுப்புச் சுவர்களும் வேண்டும். இயந்திரத்தின் நீல ஒளி கலத்தின் தட்டு வடிவப் பகுதியின் சன்னல்களில் கசிந்தால் மாயமெல்லாம் கலைந்துவிடும். மெல்லிய நெகிழித் தகட்டை வெட்டி, இருபுறமும் கறுப்படித்து, கம்பி போகுமளவுக்கு மட்டும் துளை விட்டுச் செருகுங்கள். கம்பி சென்றபின் மீதமுள்ள இடைவெளியைக் கறுப்பு வண்ணம் கலந்த பி.வி.ஏ. எனும் வெள்ளைப் பசையால் அடையுங்கள்.

சோல்டர் செய்தல்

இடம் தாராளமாக இருந்தால் கால்கள் நீண்ட 3 மில்லிமீட்டர் எல்.இ.டி. போதும், நீளமான கால் நேர்முனை, விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்முனை. இடவல விளக்கு போன்ற நுண்ணிய இடங்களுக்குக் கால்களே இல்லாத, மிகச் சிறிய எஸ்.எம்.டி. வகை வேண்டும். 0805 என்று குறிப்பிடப்படுவது 2 மில்லிமீட்டர் நீளமும், 0603 என்பது 1.6 மில்லிமீட்டர் நீளமும், 0402 என்பது 1 மில்லிமீட்டர் நீளமும் உள்ளவை. 0402 ஒரு தும்மலில் காணாமற்போகும். முதல் முயற்சிக்கு 0805 எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கம்பி ஏற்கெனவே சோல்டர் செய்யப்பட்டு விற்கப்படுபவற்றை வாங்கிவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

நீங்களே செய்வதென்றால், 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் பருமனுள்ள, மேற்பூச்சிட்ட செப்புக் கம்பியை எடுங்கள். எல்.இ.டி.யைத் தலைகீழாக, ஒட்டும் பக்கம் மேலே வருமாறு திருப்பிய மாஸ்கிங் டேப்பின்மேல் முகம் கவிழ்த்து ஒட்டுங்கள். அதன் இரு முனைகளிலும் ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸைத் தொட்டு, 320 முதல் 350 பாகை செல்சியஸ் வரை சூடேறிய கூர்முனையில் கடுகளவு ஈயம் எடுத்து, ஒரு நொடிமட்டும் தொடுங்கள். வெள்ளிமுத்துப் போல ஒன்று நின்றுவிடும். கம்பியின் நுனியையும் உருகிய ஈயத்தில் சில நொடி அழுத்தினால் அதன் மேற்பூச்சு புகைந்து விலகும். விலகாத வகையென்றால் கத்தியால் சுரண்டுங்கள். பிறகு நுனியை அந்த முத்தின்மேல் வைத்து இரும்பால் தொட்டால் கம்பி உள்ளே அமிழ்ந்துவிடும். மூன்று நொடிக்கு மேல் சூடு காட்டாதீர்கள். உறைந்த இணைப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கிக் கரடுமுரடாக இருந்தால் கம்பி அசைந்திருக்கிறது, மீண்டும் சூடாக்குங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவுங்கள். ஈயம் உணவோடு சேரக்கூடாத பொருள்.

எஸ்.எம்.டி.யின் நேர்முனை எது என்பதற்கான குறி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால், சி.ஆர்.2032 நாணய பேட்டரியில் தொட்டுப் பார்த்து அறிவதே நிச்சயம். அறிந்ததும் நேர்முனைக் கம்பியின் மறுநுனியில் சிவப்பு வண்ணத்தில் ஒரு பொட்டு வையுங்கள். ஒரே நிறக் கம்பிகள் இருபது முப்பது தொங்கும்போது இந்தப் பொட்டின் அருமை தெரியும்.

மின்தடையை எல்.இ.டி.யின் அருகில் வைக்காமல் தாங்கியின் அடியிலுள்ள சிறு இணைப்புப் பலகையில் வைப்பது என் விருப்பம். அப்போது மாதிரியை மூடியபிறகும் மின்தடையை மாற்றி வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். வண்ணம் பூசி முடித்தபின் பச்சை மிகையாகத் தெரிகிறதே என்று தோன்றினால் கலத்தை உடைக்க வேண்டியதில்லை. இதன் விலை, ஒவ்வொரு விளக்கின் கம்பியும் தாங்கிக் குழாய் வழியாகத் தனித்தனியாக இறங்க வேண்டும் என்பது. எதிர்முனைகளை மட்டும் கலத்துக்குள்ளேயே ஒரு பொதுக் கம்பியில் சேர்த்துவிடலாம். தாங்கிக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய் பொருந்தும்; அதன் வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்காவிட்டால் கம்பியின் பூச்சைச் சீவிவிடும்.

ஒளியிழை

ஒளியிழைகளைக் கொத்தாகச் சேர்த்து, 5 மில்லிமீட்டர் எல்.இ.டி. ஒன்றின் முகத்தோடு வெப்பச்சுருக்குக் குழாயால் இணைத்தால் ஒரே விளக்கு பல சன்னல்களுக்கு ஒளி தரும். குழாயைச் சுருக்கும்போது தீக்குச்சியைக் காட்டாதீர்கள். அக்ரிலிக் இழை வளைந்து கெட்டுவிடும். இழையைச் சன்னல் துளையில் பொருத்த சூப்பர் குளூ கூடாது; அதன் தாக்கத்தால் இழை நொறுங்கும் தன்மையை அடைந்து, தொட்டால் முறியும். உள்ளிருந்து ஒரு துளி பி.வி.ஏ. பசையோ ஐந்து நிமிட எப்பாக்ஸியோ வைத்தால் போதும்.

இழைகளை வெளிப்புறத்தில் ஐந்து மில்லிமீட்டர் நீட்டியபடியே விட்டு, அப்படியே வண்ணம் பூசி, எல்லாம் முடிந்தபின் புதிய கத்தியால் உடலோடு ஒட்ட வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் வண்ணம் இராது, மறைப்பே தேவையில்லை. வெட்டுக்குறடு இழையை நசுக்கி முகத்தை மங்கச் செய்யும் என்பதால் கத்தியே சரி.

மின்னும் விளக்கு

நிலையாக எரியும் சிவப்புக்கும் பச்சைக்கும் எதுவும் தேவையில்லை. பளிச்சென்று ஒரு கணம் மின்னி அணையும் வெள்ளை விளக்குக்கு 555 என்ற எட்டுக்கால் மின்னணுச் சில்லு போதும். முதல் மின்தடை 120 கிலோ ஓம், இரண்டாவது 10 கிலோ ஓம், மின்தேக்கி 10 மைக்ரோஃபாரட் என்று வழக்கமான அலையியற்றிச் சுற்றில் போட்டால், ஒரு சுழற்சி ஏறத்தாழ ஒரு நொடி நீடிக்கும். அதில் வெளியீட்டுக் கால் (மூன்றாம் கால்) தாழ்நிலையில் இருப்பது சுமார் 0.07 நொடிமட்டுமே. எல்.இ.டி.யை அதன் மின்தடையோடு 5 வோல்ட்டுக்கும் மூன்றாம் காலுக்கும் இடையில் வைத்தால் அந்த 0.07 நொடியில் மின்னும். மூன்றாம் காலுக்கும் எதிர்முனைக்கும் இடையில் வைத்தால் நேர்மாறாக, எரிந்துகொண்டேயிருந்து கணநேரம் அணையும். அத்துடன் சாதாரண 555 சில்லின் உயர்நிலை வெளியீடு 5 வோல்ட் வழங்கலில் 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால் வெள்ளை மங்கலாகவும் தெரியும். இயந்திரம் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்க வேண்டுமானால் ஏ.டி.டைனி85 போன்ற நிரல்படுத்தும் சில்லு வேண்டும்.

மூடுதல்

மூடுவதற்கு முன் எல்லா விளக்குகளையும் இணைத்து ஓர் இரவு முழுவதும் எரியவிடுங்கள். இயந்திரத்துக்குப் பெரிய திறனுள்ள எல்.இ.டி. வைத்திருந்தால் விரலால் தொட்டுச் சூடு பாருங்கள். பாலிஸ்டைரீன் 100 பாகை செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும், அதற்கு வெகு முன்பே வளையவும் கூடும். இயந்திர வாயில் ஒளி பொட்டாகத் தெரியாமல் பரவ, 400 எண் உப்புத்தாளால் தேய்த்த ஒளிபுகும் தகட்டை விளக்குக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் வையுங்கள்.

இரு பாதிகளையும் ஒட்டியதும், எரியவிட்டு இருட்டில் மீண்டும் பாருங்கள். ஒட்டிய கோட்டின் நெடுகிலும் தலைமுடி அளவில் ஒளிக்கோடு தெரிவது வழக்கம். வெளியிலிருந்து பட்டி நிரப்பி, காய்ந்தபின் 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். திறந்த சன்னல்களுக்குள் நீர் போகாமல் முன்பே டேப்பால் மூடிவிட வேண்டும்.

வெளிப்பூச்சு

நம் நாட்டில் வண்ணம் பூசுவதில் முதல் எதிரி ஈரம். லாக்கர் வண்ணத்தின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். விடியற்காலையில் ஈரம் மிக அதிகம். பிற்பகலிலோ மழை இறங்கிவிடும். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில், வெயில் அடிக்கும் நாளில் பூசுவதே பாதுகாப்பு. அவசரமென்றால் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரைப் பயன்படுத்துங்கள். வெளுத்துப்போன பூச்சின்மேல் அதையே மெல்லியதாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஏர்பிரஷ் எனும் தெளிப்புத் தூரிகைக்குக் காற்று தரும் காற்றழுத்திக்குக் கட்டாயம் காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப்பொறி மாட்டுங்கள். தின்னரின் ஆவி தீங்கானது. கரிமவடிகட்டியுள்ள முகமூடி அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், மண்ணெண்ணெய் அடுப்போ ஊதுவத்தியோ எரியாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

இரும்புக்கடையில் விற்கும் தெளிப்பு டப்பாக்கள் மலிவானவை. ஆனால் சிலவற்றின் கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும், எல்லாமே தடிப்பாகப் படிந்து நுண்கோடுகளை மூழ்கடிக்கும். வெட்டி எறிந்த சட்டத்துண்டில் சோதிக்காமல் மாதிரியில் தெளிக்க வேண்டாம்.

திறந்த சன்னல்களை மறைக்கத் திரவ மறைப்பான் வசதியானது. அதில் பல வகைகள் அம்மோனியா கலந்த ரப்பர் பாலே. பால்மரம் நிற்கும் ஊரில் அதைக் குப்பி விலை கொடுத்து வாங்குவது வேடிக்கைதான். ஆனாலும் மங்கில் வடிந்த பாலை அப்படியே எடுத்துவந்தால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும், அம்மோனியா இட்டதுதான் குப்பியில் நிலைக்கும். அம்மோனியா அக்ரிலிக் வண்ணத்தை இளக்கும் என்பதால் லாக்கர் பரப்பின் மேலோ வெற்று நெகிழியின் மேலோ மட்டும் தடவுங்கள். தடவியதைப் பல நாள் விட்டுவைக்கவும் வேண்டாம்.

மறைப்பு முடிந்ததும் வெளிப்புறத்துக்கும் முதல் பூச்சு கறுப்பு. கறுப்பு அடிப்பூச்சு தேய்த்த கீறல்களைக் காட்டும், ஒளியையும் இரண்டாம் முறை அடைக்கும். அதன்மேல் நடுத்தரச் சாம்பல், பிறகு கலத்தின் நிறம். ஏர்பிரஷில் 0.3 மில்லிமீட்டர் முனை, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், பால் அளவுக்கு நீர்த்த வண்ணம். ஒரே பூச்சில் மூட முயலாமல், கறுப்பு மெதுவாக மறையும் வரை மெல்லியதாகப் படியவிடுங்கள்.

நிறத்தில் ஒரு நுட்பம் உண்டு. தூய வெள்ளையும் தூய கறுப்பும் சிறு மாதிரியில் பொம்மைத்தன்மையைத் தரும். வெள்ளைக் கலத்துக்கு மிக வெளிர் சாம்பலையும், கறுப்புக்கு அடர்சாம்பலையும் கையாளுங்கள். பிறகு அந்த அடிநிறத்தோடு சிறிது நீலமும், சிறிது பழுப்பும், சிறிது வெள்ளையும் தனித்தனியாகக் கலந்து மூன்று நெருங்கிய நிறங்களைத் தயாரித்து, தகடுகளின் கோடுகளை டேப்பால் எல்லைகட்டி, ஆங்காங்கே ஒரு தகட்டுக்கு ஒரு நிறமாகத் தெளியுங்கள். ஒரு கை நீளத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குப் படுவதும் படாததுமாக இருக்கவேண்டும். இந்த வேலை சலிப்பூட்டும். ஆனால் கலம் பெரிது என்ற உணர்வை வேறெதுவும் இவ்வளவு தருவதில்லை. சதுரங்கப் பலகைபோல ஒழுங்காக மாற்றி மாற்றிப் பூசுவது மட்டும் வேண்டாம்.

அடுத்தது பளபளப்புப் பூச்சு, நீர் ஒட்டுப்படம், கோடுகளில் கறை, மங்கல் பூச்சு என்ற வழக்கமான வரிசை. பளபளப்பான பரப்பில் ஒட்டினால்தான் படத்தின் அடியில் காற்று தங்கி வெள்ளி மின்னாது. கறைக்குப் பழுப்புக் கறுப்பு எண்ணெய் வண்ணத்தை ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்து, கோட்டின் ஒரு முனையில் தூரிகையால் தொட்டால் தானாக ஓடும். பூச்சில்லாத நெகிழியில் அது பட்டால் விரிசல் விடக்கூடும். கறை மிகாதபடி பாருங்கள். விண்வெளியில் மழையும் சேறும் கிடையாது. எரிச்சுவடு இயந்திர வாயைச் சுற்றி மட்டும் இருந்தால் நம்பும்படியாக இருக்கும்.

மங்கல் பூச்சு காய்ந்தபின் ரப்பர் மறைப்பை இடுக்கியால் உரித்தெடுங்கள். திறந்த சன்னல்களைப் புற ஊதா ஒளியில் இறுகும் பிசினாலோ, காய்ந்ததும் தெளிவாகும் வெள்ளைப் பசையாலோ நிரப்பலாம். பசையில் ஊசிமுனை அளவு வெள்ளை வண்ணம் கலந்தால் ஒளி சன்னல் முழுவதும் பரவும், உள்ளிருக்கும் கம்பிகளும் தெரியாது.

முடிந்த மாதிரியை அக்ரிலிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையுடன் வைப்பது நல்லது; மிஞ்சிய ஒட்டுப்படத் தாள்களையும் அப்படியே மூடிய பைக்குள் வையுங்கள், இல்லையென்றால் மஞ்சளித்துப் பூஞ்சை பிடிக்கும். மாலையில் இடி முழங்கத் தொடங்கினால் மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். கம்பிகளின் வரைபடத்தையும் ஒவ்வொரு விளக்குக்கும் போட்ட மின்தடையின் மதிப்பையும் ஒரு தாளில் எழுதி, தாங்கியின் அடியில், இணைப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.